தீவுக்கு ஒரு பல் டாக்டர்

தொண்ணூற்று நாலாம் வருஷம் மார்ச் மாதம் மாலத்தீவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் என்னோடு பல் மருத்துவம் படித்தவன், சென்னிமலைக்காரன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் கிடந்தோம். அவன் அங்கே ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதுவரை பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியதோடு சரி. இந்தக் கடிதம் நாலு பக்கம் இருந்தது.

மாசம் எழுநூறு டாலர் சம்பளம், வீடு இலவசம், வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து போக விமான டிக்கெட் என்று எழுதியிருந்தான். அவன் இருந்த தீவையும் அதைச் சுற்றியிருந்த முப்பது நாற்பது தீவுகளையும் சேர்த்து அவன் ஒருத்தன்தான் பல் டாக்டர். "செப்டம்பரோட என் கான்ட்ராக்ட் முடியுது. நான் கெளம்பறேன். எடம் காலியாகும். திருவனந்தபுரத்துல இன்டர்வியூ வெப்பாங்க, நீ அப்ளிகேஷன் போட்டுரு மாப்ள" என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தான். கூடவே ஒரு போட்டோ. வெள்ளை மணலில், அரைக்கால் டவுசரோடு, பல் பிடுங்கும் குறடைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு நூல் கடைக்கு மேலே என் கிளினிக். வருகிறவர்களில் பாதிப்பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்தில் இருந்து பழகியவர்கள் என்பதால் "ஆ காட்டுங்க" என்பதைக்கூட நான் கத்திச் சொல்லவேண்டும். மீதிப்பேர் போர்த் தண்ணி குடித்து முன்பல் பழுப்பேறிப் போன பெண்பிள்ளைகள். பெண் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மாவோடு வந்து, வெள்ளையாக்க முடியுமா என்று கேட்பார்கள். வேர் சிகிச்சை என்று நான் வாயைத் திறந்தால், "அதெல்லாம் எதுக்குங்க, புடுங்கி உட்ருங்க" என்பார்கள். பிடுங்குவதற்கு முப்பது ரூபாய். ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்தால் நல்ல நாள். வாடகையும் கம்ப்ரசர் ரிப்பேரும் போக வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரு மில் சூப்பர்வைசர் சம்பளத்துக்குக் குறைவு.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், அன்றைக்கு ஏனோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆறு பேர் கணக்கு, கரண்ட் போனால் துளை போட்ட பல்லோடு ஆளை உட்காரவைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பது, கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு புதுசாகத் தொங்கும் பல் டாக்டர் போர்டுகள், எல்லாவற்றையும். அவன் எழுதியதைவிட ஒரு பக்கம் அதிகம். "உன் எடத்துக்கு நான் கட்டாயம் போடறேன்" என்று முடித்தேன்.

அந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ணிய நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நோயாளி இல்லாத நேரத்தில் மாடிப்படியில் இறங்கி ஏறுவேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் பல்லடம் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்புவேன். வீட்டிலிருந்த பழைய பள்ளிக்கூட அட்லஸில் அந்த நாடு ஒரு பேனாப் புள்ளி அளவுகூட இல்லை. அந்தப் புள்ளியை என் மனைவியிடம் காட்டினேன்.

"நெம்பச் சின்னதா இருக்குதுங்க" என்றாள்.

அவள் பக்கத்திலிருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி., பி.எட். படித்திருந்தாள். மாசம் ஆயிரத்து நூறு கொடுத்தார்கள். நாங்கள் போனால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஜூலையில் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கும் கடல் காட்டலாம் என்று மூன்று பேருமாகக் காலை ரயிலேறித் திருவனந்தபுரம் போய், லாட்ஜில் தங்கி, மறுநாள் பத்து மணிக்கு ஒரு ஹோட்டலின் மாடிக்குப் போனோம். நடையில் நாற்காலி போட்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் டாக்டர்கள் என்று நினைத்துக் கலங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவர்களில் முக்கால்வாசிப்பேர் டீச்சர்கள். அவர்களுக்குப் பக்கத்து அறையில் தனி இன்டர்வியூ.

என்னை அழைத்தபோது உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர், ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருபது என்று பொய் சொன்னேன். எங்கள் தீவில் அவ்வளவு பேர் வரமாட்டார்களே, சலிப்பாக இருக்காதா என்றார். இருக்காது என்றேன். அவர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னார். இப்போது அங்கே இருக்கும் பல் மருத்துவர் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டிருக்கிறார், போன வாரம்தான் ஒப்புக்கொண்டோம், இந்த வருஷம் பல் மருத்துவருக்கு வேறு இடமில்லை. உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறோம்.

இடம் விட்டுக்கொடுப்பதாக எழுதியவனே நீட்டிப்பு வாங்கிக்கொண்டான். நான் எழுந்து நன்றி சொன்னேன். கதவைத் தள்ளவேண்டிய இடத்தில் இழுத்தேன்.

வெளியே வந்தால் பெஞ்சில் மகள் மட்டும் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு நாகர்கோவில் அம்மா உட்கார்ந்து முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்க கண்ணு?"

"கணக்குப் போடப் போயிருக்குது" என்றாள் மகள்.

நடந்ததை அந்த நாகர்கோவில் அம்மா சொன்னார். டீச்சர் இன்டர்வியூ நடத்துகிற ஒருவர் டீ குடிக்க வெளியே வந்தாராம். பெண்கள் இருந்த பக்கம் நின்று, கணக்குப் பாடத்துக்கு யாராவது உண்டா, வந்தவர்கள் பாதிப்பேர் வரலாறாக இருக்கிறதே என்றாராம். என் மனைவி, நான் கணக்குத்தானுங்க, ஆனால் நான் இன்டர்வியூவுக்கு வரலீங்க, சர்டிபிகேட்டும் கொண்டுவரலீங்க என்றாளாம். பரவாயில்லை, ஐந்து நிமிஷம் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று அவர் கூட்டிப்போயிருக்கிறார்.

ஐந்து நிமிஷம் இருபத்தைந்து நிமிஷமாயிற்று. அவள் வெளியே வந்தபோது விரலெல்லாம் சாக்பீஸ் தூள். என் முகத்தைப் பார்த்ததும் என் விஷயம் புரிந்துவிட்டது. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். மறுநாள் ரயில் பாலக்காட்டைத் தாண்டும்போதுதான் நான் கேட்டேன்.

"என்ன கேட்டாங்க உன்னை?"

"கரும்பலகையில ஒரு கணக்கு எழுதி, தப்பாப் போட்ட ஒரு பையனுக்கு எப்படிப் புரிய வெப்பீங்கன்னாங்க. புரிய வெச்சேனுங்க."

"வேறென்ன?"

"சர்டிபிகேட் காப்பி அனுப்பச் சொன்னாங்க. அனுப்பட்டுங்களா?"

"அனுப்பு. அனுப்பறதுல என்ன?" என்றேன். அவர்கள் கூப்பிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது அது.

அக்டோபரில் அவளுக்கு வேலை உத்தரவு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. ஜனவரியில் சேரவேண்டும், இரண்டு வருஷம். சம்பளம் முந்நூற்று எண்பது டாலர். ரூபாயில் அது என் கிளினிக்கின் ஒரு நல்ல மாசத்தைப்போல இரண்டு பங்கு. குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை என்று ஒரு வரி இருந்தது.

சத்தியமங்கலத்திலிருந்து மாமனார் வந்தார். கடிதத்தை ரெண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்க என்ன சொல்றீங்களோ அதானுங்க மாப்ள. நாங்க ஒண்ணும் குறுக்க வரமாட்டம்" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார்.

அவளும் அதையேதான் சொன்னாள். "நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. போ என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. நான் போக நினைத்தபோது அவள் தன் வேலையை விடுவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்காதவன் நான். மூன்று வாரம் அப்படியே ஓடியது. காலையில் பேப்பரை எடுத்தால் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது எழுந்துபோய்த் தெருவைப் பார்ப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. தறி ஓட்டுகிற ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கீழ் வலதுபக்கக் கடைவாய்ப்பல் பிடுங்க வந்திருந்தார். ஊசி போட்டு, மரத்துப் போகக் காத்திருந்து, குறடை எடுத்தேன். மனசு எங்கேயோ இருந்தது. பல்லைப் பிடித்து ஒரு அசைப்பு அசைத்துவிட்டேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தார். மரத்த வாயோடு குழறலாக, "டாக்டருங்க, அதுக்கு அடுத்ததுங்க" என்றார்.

பார்த்தேன். நல்ல பல். சொத்தை அதற்குப் பின்னால் இருந்தது.

ஐந்து நிமிஷம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, சரியான பல்லை எடுத்து, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னேன். காசு வேண்டாம் என்றேன். "ஏனுங்க, தப்பு ஒண்ணும் ஆகலயே" என்று சொல்லி அவர் முப்பது ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மொபெட்டில் மனைவியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நான் போறேனுங்க. காலையிலயே ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டச் சொல்லிப்போட்டேன். நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னும் பாத்துட்டிருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில், மூன்று வாரத்தில் முதல் தடவையாக, மூச்சு ஒழுங்காக வந்தது.

ஜனவரி முதல் வாரம், வேறு இரண்டு டீச்சர்களோடு, திருவனந்தபுரம் போய் விமானம் பிடிக்க, அவள் கோயமுத்தூர் ஜங்ஷனில் ரயிலேறினாள். அதற்குப் பிறகு வீடு என் கையில். காலையில் மகளுக்குத் தலை பின்னுவேன். ஒரு ஜடை காதுக்கு மேலேயும் ஒன்று தோளுக்குக் கீழேயும் நிற்கும். பள்ளி விட்டதும் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். தெருவில், "டாக்டர் ஊட்டு அம்மணி வெளிநாட்டுல சம்பாரிக்குது" என்ற பேச்சு என் காதுபடவே நடந்தது. வந்த நோயாளிகள்கூட வாயைத் திறந்துகொண்டே, "அங்க எவ்வளவுங்க தர்றாங்க?" என்று கேட்டார்கள்.

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் காலை பத்து மணிக்குக் கீழே நூல் கடைக்குப் போன் பண்ணுவாள். மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் மகள் பேசுவாள், அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இதற்காகவே நிறுத்திவைப்பேன். எனக்குக் கிடைக்கும் ஒரு நிமிஷத்தில், "சாப்பாடு எப்படி?" என்று கேட்பேன். "மீனுங்க. எப்பவும் மீனு. நானு பருப்பும் சோறும் பொங்கிக்கறேன்" என்பாள். அவள் சைவம். லைன் கட்டாகிவிடும். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் குனிந்திருப்பார்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் கிளினிக் படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. அந்தச் சென்னிமலைக் கூட்டாளி. ஒரு வருஷமாக நான் அவனுக்கு எழுதவில்லை, அவனும் எனக்கு எழுதவில்லை. கறுத்து, மெலிந்து, இடது கன்னம் வீங்கிப்போய் நின்றான்.

"மாப்ள, என்னால முடியல. மொதல்ல இதைப் பாரு. பொறவு என்னைத் திட்டு" என்றான்.

நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பினேன். கீழ் இடது இரண்டாவது கடைவாய்ப்பல். உள்ளே அழுகிப்போயிருந்தது. மேலே ஏதோ ஒரு வெள்ளைச் சிமெண்டைக் கன்னாபின்னாவென்று அப்பியிருந்தது.

"இதை எவன் அடைச்சான்?"

"நான்தான்" என்றான்.

நாலு மாசமாகவே வலியாம். அத்தனை தீவுகளுக்கும் அவன் ஒருத்தன்தான் பல் டாக்டர், அவன் பல்லைப் பார்க்க யாருமில்லை. இன்னொரு பல் டாக்டரிடம் போகவேண்டுமென்றால் தலைநகருக்கு ஒரு நாள் படகுப் பயணம். லீவு கேட்டால், நீங்கள் போனால் இங்கே பார்ப்பது யார் என்றார்களாம். தன் சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு, ட்ரில்லை எடுத்திருக்கிறான். கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போனதாம். உதட்டைக் கிழித்துக்கொண்டதோடு விட்டுவிட்டு, கிராம்பு எண்ணெய் கலந்த சிமெண்டைத் தொட்டுப் பார்த்தே அடைத்திருக்கிறான். அதற்குப் பிறகு வலி மாத்திரைதான், வருஷாந்திர விடுப்பு வரும்வரை.

ஊசி மருந்தை ஏற்றும்போது என் மனசில் என்ன ஓடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மருந்து முழுசாகப் பிடிக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். நாலு நிமிஷத்தில் ஆரம்பித்தால் போதும், அவனுக்குச் சரியான பாடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. குறடு, ட்ரில் எதையும் தொடாமல் கேட்டேன்.

"எதுக்குடா நீட்டிப்புக் கேட்டே? நான் வேலைக்குப் போட்டிருக்கேன்னு தெரியுமில்ல?"

நாக்குத் தடித்துப் போயிருந்தது அவனுக்கு. வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்.

"உன்ற லெட்டர்தான் மாப்ள."

"என் லெட்டரா?"

"நாளைக்கு ஆறு பேருன்னு எழுதியிருந்தியே. தெருவுக்குத் தெரு போர்டுன்னு எழுதியிருந்தியே. அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் தூங்கலடா. அங்கிருந்து கெளம்பி வந்து நான் எங்க கடை போடறது? சென்னிமலையில எங்க அப்பன் ஜவுளிக் கடையில ஒக்காந்து பெட்ஷீட் மடிக்கறதா? பயந்துபோயிட்டேன். போய் எழுதிக் குடுத்திட்டேன். உனக்கு எழுத மூஞ்சி இல்ல."

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பல்லைத் திறந்தேன். நாற்றமும் சீழும் வெளியே வந்ததும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியால் இல்லை. வலி இறங்கியதால்.

பிடுங்கினால் பத்து நிமிஷ வேலை. அவனே கேட்டான், "புடுங்கி உட்ரு மாப்ள" என்று. நான் மாட்டேன் என்றேன். பத்து நாளில் மூன்று தடவை வரவைத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்தேன். இரண்டாவது தடவை நடுவில் கரண்ட் போய், ஒரு மணி நேரம் வாயில் பஞ்சோடு அவன் நாற்காலியிலும் நான் ஜன்னலோரத்திலுமாக இருந்தோம். அப்போதுதான் அங்கத்திய சங்கதியெல்லாம் சொன்னான். ஒரு நாளைக்கு நாலு பேர்தான் வருவார்களாம். அதிலும் இரண்டு பேர் சும்மா பேச வருகிறவர்கள். எல்லாச் சாமானும் படகில் வரவேண்டும். தக்காளி வந்தால் ஆஸ்பத்திரியே கொண்டாடுமாம். அப்படியிருந்தும் அந்தத் தீவை அவனுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

"உன்ற சம்சாரத்தை மாசம் ஒருக்காப் பாப்பேன்" என்றான். "பேங்க் எங்க தீவுலதான் இருக்குது. அவங்க தீவுல இருந்து படகுல ரெண்டு மணி நேரம்."

"எப்படி இருக்கறா?"

அவன் வாயிலிருந்த பஞ்சை நாக்கால் ஒதுக்கினான். "பசங்க அவங்க பேச்சுன்னா உசுர உடறாங்களாம், அவங்க ஹெட்மாஸ்டரே சொன்னாரு. சாயங்காலமானா தீவைச் சுத்தி நடப்பாங்களாம். ஒரு சுத்துக்கு அரை மணி நேரம். நாலு சுத்து நடக்கறாங்களாம். 'ஏனுங்கண்ணா, இங்க வேறெங்க போறது'ன்னு சிரிச்சாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு சூலூர்க் குளத்துக் கரையில் இருட்டும்வரை நடந்தேன்.

கிளம்பும் நாளன்று, "இந்தத் தடவை கான்ட்ராக்ட் முடிஞ்சா கட்டாயம் வந்துருவேன், நீ போடு" என்றான். நான் மறுபடி விண்ணப்பம் போட்டேன். அவன் மறுபடி நீட்டித்தான். அதன்பிறகு இன்னொரு தடவையும். மொத்தம் எட்டு வருஷம் அங்கே இருந்தான். நான் அதற்குமேல் போடவில்லை. அவன் லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு போவான்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் மனைவி திரும்பிவந்தாள். முடி கொட்டி, நிறம் மாறி, ஆனால் நிமிர்ந்து நடந்தாள். வந்த மூன்றாம் நாள், பெட்டியின் அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என்முன் வைத்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கான நீட்டிப்பு. கையெழுத்துப் போடவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள். அதே வார்த்தை.

இந்தத் தடவை நான் எழுந்து தெருவைப் பார்க்கப் போகவில்லை. "போக வேண்டாம்மா. எனக்கு முடியல. பாப்பாவுக்கு இல்ல, எனக்குத்தான்" என்றேன். "ஆனா உனக்குப் போகணும்னா போ. நான் மொகத்தைத் தூக்கிவெச்சுக்க மாட்டேன்."

அவள் அந்தப் படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள். "எனக்கும் போகணும்னுதான் இருக்குதுங்க. இருக்கணும்னும் இருக்குது" என்றாள். பீரோவில் துணிகளுக்குக் கீழே அதை வைத்தாள். பிப்ரவரியில் அதற்குத் தேதி முடிந்துபோயிற்று. இடையில் சில நாள் பீரோவைத் திறந்து நின்றுகொண்டிருப்பாள். நான் கேட்கமாட்டேன்.

அந்த ஜூனில் சிங்காநல்லூரில் ஒரு பெரிய பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. தீவில் வாங்கியதில் நாலில் ஒரு பங்குச் சம்பளம். வீட்டை அங்கே மாற்றிக்கொண்டோம். நான் தினமும் காலை ஒன்பது மணி பஸ்ஸில் சூலூருக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்பினேன். முதல் வாரம் அவள் எல்லா வகுப்பிலும் தன்னையறியாமல் அந்தத் தீவுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள். பிறகு எழுந்து, தண்ணீர் எடுக்கப்போவதுபோல, சமையலறைக்குள் போய்விட்டாள்.